சுண்டுவிரலுக்கு ஒரு வேலை

சீட்டுக்கட்டைத் தொட்டவன் உருப்பட்டதாகச் சரித்திரமில்லை என்பது என் மாமியாரின் கட்சி. அவர் பார்த்து வளர்ந்த சினிமாக்களில் சீட்டாடுகிறவன் இடைவேளைக்குள் மனைவியின் தாலியை அடகு வைத்துவிடுவான். ஆகவே காதோரம் நரைத்த மருமகன், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டுக் கலைக்கிற சத்தம் அவர் வயிற்றைக் கலக்கியது. "சூதாட்டம் இல்லை அத்தை, மேஜிக்" என்றேன். கலக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. சூதாடியாவது என்றைக்காவது ஜெயிப்பான் என்று நினைத்திருக்கலாம்.

நல்ல உதாரணம் ஒன்று சொல்வோமே என்று பெர்ஸி டயகோனிஸ் கதையை எடுத்துவிட்டேன். நியூயார்க் பையன். 14 வயதில், டாய் வெர்னன் என்கிற சீட்டு வித்தை மேதையோடு ஊர் ஊராகக் கிளம்பிப் போனவன். பிற்பாடு கணிதம் படித்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கட்டை இரண்டாகப் பிரித்து ஓரங்களைப் படபடவென்று கோக்கிற கலைப்பு இருக்கிறதே, அதை ஏழு தடவை செய்தால் 52 சீட்டும் உருப்படியாகக் கலைந்துவிடும் என்று டேவ் பேயரோடு சேர்ந்து 1992-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பதினாலு வயசுல வீட்டை விட்டு ஓடிட்டானா?"

எனக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று கேட்காதீர்கள். இந்த வயதில் சிலருக்கு மாரத்தான் வருகிறது, சிலருக்குச் சிறுதானியம் வருகிறது. எனக்கு இது வந்தது.

முதல் பாடம் டபுள் லிஃப்ட். கட்டின் மேலிருக்கிற இரண்டு சீட்டுகளை ஒரே சீட்டு மாதிரிப் புரட்டிக் காட்ட வேண்டும். மேல் சீட்டு ஆட்டின் ஏழு என்று எதிரே இருப்பவர் நம்புவார்; அசலில் அது இரண்டாவது சீட்டு. இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டு, மேலே இருப்பதை மட்டும் எடுத்துக் கட்டின் நடுவில் செருகினால், ஆட்டின் ஏழு நடுவில் போய்விட்டது என்று அவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார். அது மேலேயே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டானே என்று வித்தைக்காரர்கள் பதற வேண்டாம். வாசகர்கள் ஒரு கட்டை எடுத்து, இரண்டே இரண்டு சீட்டைப் பிசிறில்லாமல் ஒன்றாகப் புரட்டிப் பார்க்கட்டும். ரகசியம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

அந்த இரண்டு சீட்டையும் முன்கூட்டியே தனியே பிரித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு இடது கைச் சுண்டுவிரலுடையது. மேல் இரண்டுக்கும் கீழே உள்ள ஐம்பதுக்கும் நடுவில் விரல் நுனிச் சதையைத் துளியூண்டு நுழைத்து, அந்த இடைவெளியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு பிரேக் என்று பெயர். முன்னாலிருந்து பார்த்தால் கட்டு சமர்த்தாக மூடியிருக்கும். பின்பக்கம்தான் வாயைப் பிளந்திருக்கும். ஐந்தாம் வகுப்பில் ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்டு உயர்த்தியதோடு என் சுண்டுவிரல் பணி ஓய்வு பெற்றிருந்தது. அதைத் திரும்பக் கூப்பிட்டு இப்படியொரு பதவியைக் கொடுத்ததும் அது மரத்துப்போய்த் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. மற்ற நான்கு விரல்களும் அதற்கு அனுதாபமாக விறைத்துக்கொண்டன.

கண்ணாடி முன்னால் நின்று பழகு என்று எல்லாரும் சொல்கிறார்கள். பழகினேன். என் டபுள் லிஃப்ட் அப்பழுக்கில்லாமல் இருந்தது. பிறகு செல்போனில் படம் பிடித்துப் பார்த்தால், இரண்டு சீட்டும் ஆளுக்கொரு திசையில் எட்டிப் பார்க்கின்றன. நானோ கண்ணை மூடி யாரையோ வேண்டிக்கொண்டிருக்கிறேன். விசாரித்ததில் இது வித்தைக்காரர்கள் வட்டாரத்தில் பேர்போன வியாதி என்று தெரிந்தது. கை திருட்டுத்தனம் செய்கிற அந்தக் கண நேரத்தில் கண் தானாக இமைத்துவிடுமாம். கண்ணாடியில் தெரிகிற ஆளை ஏமாற்றுவது சுலபம், அவன் உடந்தை.

கண்ணை ஒருவழியாகத் திறந்து வைக்கப் பழக்கிக்கொண்டு என் மனைவியிடம் போனேன். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீட்டைக் காட்டினேன், கவிழ்த்தேன், நடுவில் செருகினேன், மேலிருந்து எடுத்துக் காட்டினேன். கையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

"ஏங்க, இப்ப என்னமோ பண்ணீங்க."

"என்ன பண்ணேன்?"

"அது தெரியல. ஆனா உங்க தம்பிக்குப் பணம் குடுத்துட்டு, குடுக்கவே இல்லேன்னீங்களே, அன்னிக்கு இருந்த அதே முகம்."

அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை. நீ எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் பார்வையாளரும் பார்ப்பார் என்பது இந்தக் கலையின் சாஸ்திரம். அதை எழுதியவர்கள் பிரம்மச்சாரிகளாக இருக்க வேண்டும். இந்த வித்தையில் கை செய்கிற வேலை கால்வாசிதான். மிச்சத்தை முகம் செய்ய வேண்டியிருக்கிறது. விரலுக்குப் பயிற்சி சொல்லித்தர ஆயிரம் வீடியோ உண்டு. கன்னத்துக்கும் புருவத்துக்கும் சொல்லித்தர ஆளில்லை.

அடுத்து வந்த பாம் இன்னும் மோசம். ஒரு சீட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, கையில் ஒன்றுமே இல்லாதவர் மாதிரி நடமாட வேண்டும். கோயிலில் வாங்கிய விபூதியைக் கொட்டாமல் பிரகாரம் சுற்றுகிறவர் கை மாதிரி என் கை ஆகிவிட்டது. "கையில சுளுக்கா மாப்ளை?" என்று விசாரித்த மாமனார் தைலப் புட்டியோடு வந்துவிட்டார். வலது கையை நீட்டச் சொன்னார். இடது கையை நீட்டினேன்.

இந்தக் கலைக்கு வேதம் என்று ஒரு புத்தகம் உண்டு. 1902-ல் சிக்காகோவில் வெளிவந்த 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்ட் டேபிள்'. எழுதியவர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ். அப்படி ஒரு பெயரில் யார் இருந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் இ. எஸ். ஆண்ட்ரூஸ் என்று வரும். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ ஆண்ட்ரூஸ்களைக் குடைந்து பார்த்துவிட்டார்கள். சீட்டை மறைப்பது எப்படி என்று எழுதிவிட்டு ஆளே மறைந்துவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது முன்னுரை. நம் ஊராக இருந்தால் நண்பர்களின் அன்பு வற்புறுத்தலுக்கிணங்க இந்நூலை வெளியிடுகிறேன் என்று ஆரம்பித்திருப்பார். எர்ட்னேஸ் சுற்றி வளைக்கவில்லை. பணம் தேவைப்படுகிறது, அதற்காகத்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டார். ஊரை ஏமாற்றக் கற்றுக்கொடுக்கிற புத்தகத்தில் இவ்வளவு நேர்மையா!

அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்தான் டயகோனிஸைக் கூட்டிப்போன டாய் வெர்னன். கனடாக்காரர். வயிற்றுப்பாட்டுக்குக் கறுப்புக் காகிதத்தில் ஆளின் பக்கவாட்டு உருவத்தைக் கத்தரித்துக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் சீட்டு. 1922-ல் சிக்காகோவில் ஒரு ஹோட்டலில் ஹூடினிக்கு விருந்து நடந்தது. எந்த வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டியவர் ஹூடினி. வெர்னன் ஒரு சீட்டில் அவரையே எழுத்துப் போட வைத்து, அதை மேலிருந்து இரண்டாவதாக வைத்தார். புரட்டினால் மேலே வந்து நிற்கிறது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஹூடினி கேட்டுக்கொண்டே இருந்தார், பிடிபடவே இல்லை. ஏமாந்ததை ஒப்புக்கொள்ளும்படி கடைசியில் சொன்னது பக்கத்திலிருந்த அவர் மனைவிதான் என்பார்கள். எல்லார் வீட்டிலும் இந்த இலாகா அவர்களிடம்தான் இருக்கிறது.

இதே வெர்னன் 1932-ல், கட்டின் நடுவிலிருந்து சீட்டு எடுத்துப் போடத் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறான் என்று சிறையில் ஒரு கைதி சொன்னதைக் கேட்டு, தேடி அலைந்து, மிசௌரி மாநிலத்தில் பிளஸன்ட் ஹில் என்ற சிற்றூரில் ஆலன் கென்னடி என்பவரைக் கண்டுபிடித்தார். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. என் குரு கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

வெர்னன் தன் சீடர்களுக்குச் சொன்ன உபதேசம், இயல்பாக இரு. சொல்வது சுலபம். இயல்பு என்றால் எது? சீட்டை இயல்பாகப் புரட்டுகிற மனிதர் எவரையாவது பார்க்க வேண்டுமே என்று மாமாவோடு ரம்மிக்கு உட்கார்ந்தேன். ரம்மி சூதாட்டமில்லை, திறமை ஆட்டம் என்று அறுபதுகளிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதை அத்தைக்கு நினைவுபடுத்திவிட்டுத்தான் அவர் கட்டைத் தொடுவார். கட்டை ஒரு கையில் பிடித்து, மேலிருந்து கொத்துக் கொத்தாக இன்னொரு கையில் உருவிப் போடுவாரே, நம் திண்ணைகளில் எல்லாரும் கலைக்கிற கலைப்பு, அதற்கு வெள்ளைக்காரர்கள் ஹிந்து ஷஃபிள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தோடு விளக்கி, அதில் ஒரு சூட்சுமமும் சொல்கிறார்கள்: எவ்வளவு உருவினாலும் பிடித்த கையிலுள்ள கட்டின் அடிச்சீட்டு மாறவே மாறாது; எதிராளி எங்கே நிறுத்தச் சொன்னாலும் அதே சீட்டைத் தூக்கிக் காட்டலாம். நான் காசு கொடுத்துக் கற்றதை மாமா வெற்றிலை மென்றுகொண்டே செய்தார், அந்தச் சூட்சுமம் மட்டும் தெரியாமல்.

ஐப்பசி மாதம். வெளியே அடைமழை, உள்ளே ஈரத்தில் ஊறிய பழைய சீட்டு. மாமா கட்டைவிரலை நாக்கில் தொட்டார், மூடின கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்தார், கையில் சொருகினார், கிளாவர் ஜாக்கியை இறக்கினார். நான் என் சீட்டை எடுக்கப் போனேன்.

"இருங்க மாப்ளை" என்று கையிலிருந்து ஒரு சீட்டை உருவித் திரும்பக் கட்டின்மேல் வைத்தார். "ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. நீங்க பாக்கல?"

பார்த்தேன். கண் இமைக்காமல் அவர் கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீட்டுதான் தெரிந்தது. முகத்தில் ஒரு சுருக்கமில்லை, விரலில் ஒரு தயக்கமில்லை, சுண்டுவிரல் பாட்டுக்குச் சும்மா இருந்தது.

"மாமா, அதே மாதிரி இன்னொரு தடவை எடுங்களேன்."

"ரெண்டு தடவை எடுக்கிறதெல்லாம் கிடையாது மாப்ளை. நீங்க எடுங்க. இல்லேன்னா ஸ்கூட் விடுங்க."