தறிப் பேட்டையிலிருந்து தலைவர் வேட்பாளர்

பொதட்டூர்பேட்டை விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்த்து, அமெரிக்கா போனவருக்கு கிரீன் கார்டு, வீடு எல்லாம் ஆயிற்று. மிச்சம் பொறியாளர் சங்கத் தலைவர் பதவிதான்.

பழைய ஆசைதான். 1889இல் ஜெர்மனிக்காரர் ஸ்டைன்மெட்ஸை நியூயார்க் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். 1901இல் அவரே அமெரிக்க மின்பொறியாளர் கழகத் தலைவர். வங்கதேசத்திலிருந்து போன சைபுர் ரஹ்மான் 2023இல் ஐ.இ.இ.இ. என்னும் மின்பொறியாளர் அமைப்பின் தலைவர்.

நம்மவரின் டை கட்டிய பிரசுரம் வாட்ஸ்அப்பில் பேட்டைக்கும் வந்தது: 'வெளிப்படைத்தன்மை, புதுமை, பங்கேற்பு.' ஓட்டு யாருக்கும் இல்லை. லைக் எல்லோரிடமும் இருக்கிறதே!

டீக்கடையில் பெரியப்பா கேட்டார்: "சம்பளம் எவ்ளோடா?"

"கிடையாது பெரியப்பா."

"அப்புறம் எதுக்கு நிக்கிறான்?"

"நெசவாளர் சங்கத்துக்கு நீங்க நின்னீங்களே?"

"அது வேற. அங்க நூல் ஒதுக்கீடு இருந்துச்சு."