குளத்தில் எத்தனை நிமிடம்?

மகனை எல்.கே.ஜி. சேர்க்கப் போன பள்ளியில் நீச்சல் குளம் இருக்கிறது, குதிரையேற்றம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– குழம்பிய அப்பா, கோவை

குதிரை எத்தனை என்று கேட்டீர்களா? ஒன்றுதான் என்றால் அது குதிரையேற்றம் இல்லை, குதிரை தரிசனம்.

குளத்துக்கு வருவோம். பள்ளியில் 2,000 பிள்ளைகள், பிரிவுக்கு 40 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பிரிவு ஆயிற்றா? நாளைக்கு 8 பீரியட், வாரத்துக்கு 5 நாள், ஆக மொத்தமே 40 பீரியட்தான். காலை மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் வரை குளம் ஓயாமல் நடந்தாலும் 10 பிரிவுக்கு அந்த வாரம் தண்ணீர் இல்லை. முறை வந்தவனும் வரிசையில் போய், உடை மாற்றி, நனைந்து, தலை துவட்டி, யாருடைய சாக்ஸ் யார் காலில் என்று பஞ்சாயத்து முடித்துத் திரும்புவதற்குள் பீரியடில் பாதி போயிருக்கும். ஆகவே ‘குளம் இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். அதைத்தான் அவர்களே கூட்டிப்போய்க் காட்டுகிறார்களே! ‘இரண்டாம் வகுப்பு பி பிரிவின் டைம்டேபிளைப் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். அதில் குளம் எந்தக் கிழமையில் இருக்கிறதோ, அதற்குத்தான் காசு.

ஏ.சி. வகுப்பறைக்குத் தனிக் கட்டணம் வாங்குவது நியாயமா? எங்கள் காலத்தில் வேப்பமரத்தடியில் படிக்கவில்லையா?
– ஓய்வுபெற்ற தாத்தா, திருச்சி

நியாயம் கேட்டு ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டார், ஐயா. அங்கே ஒரு தனியார் பள்ளி மாதம் 2,000 ரூபாய் ஏ.சி. கட்டணம் வாங்கியது. 2024 மே மாதம் நீதிமன்றம் சொன்னது: ஆய்வகக் கட்டணம் போலத்தான் இதுவும், பெற்றோர்தான் ஏற்க வேண்டும், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே வசதியையும் அதற்கான செலவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மனு தள்ளுபடி.

அதனால் சேர்க்கும் முன்னால் பேசுங்கள். டிசம்பரில் ஏ.சி. ஓடுமா? ஓடாத மாதத்துக்குக் கட்டணம் உண்டா? வேப்பமரத்துக்கு மெயின்டனன்ஸ் சார்ஜ் கிடையாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் தருகிறார்கள். எதைப் பார்ப்பது?
– அவசர அம்மா, சேலம்

கழிப்பறையை. அதுவும் வரவேற்பறைக்குப் பக்கத்தில் சென்ட் மணக்கும் கழிப்பறையை அல்ல, இரண்டாவது மாடியில் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் போவதை. மதிய இடைவேளைக்குப் பிறகு பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா? குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறதா, காற்று வருகிறதா? கையலம்பச் சோப்பு இருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒரு சிறுமியின் தண்ணீர் பாட்டில் சாயங்காலமும் ததும்பத் ததும்பவே வீடு திரும்பும். வீட்டில், ‘தாகமே எடுக்காத பிள்ளை’ என்று பெருமை வேறு. ‘குடிச்சா பாத்ரூம் போகணுமே’ என்று அவள் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பள்ளி வாசலில் செயற்கை நீரூற்று இருந்தது.

நேரம் மிச்சமிருந்தால் இரண்டாவது மாடிப்படி எங்கே என்று கேளுங்கள். இருந்தால், அதன் கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். கண்ணாடி முகப்பில் மயங்கி நிற்க நமக்கு உரிமை இல்லை.

இதையெல்லாம் கேட்டால் ‘பிரச்சினை பண்ணுகிற பெற்றோர்’ என்று சீட் தர மாட்டார்களே?
– தயங்கும் தாய், மதுரை

அப்படியானால் வாயைத் திறக்காமல் கணினியைத் திறங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால், தன் இணையதளத்தில் சில விவரங்களைக் கட்டாயம் வெளியிட வேண்டும்: வளாகத்தின் பரப்பு, வகுப்பறைகளின் எண்ணிக்கையும் அளவும், பெண்களுக்கு எத்தனை கழிப்பறை, ஆண்களுக்கு எத்தனை, கட்டண விவரம், தீயணைப்புச் சான்று, பள்ளியை ஆய்வு செய்தபோது எடுத்த வீடியோவின் யூடியூப் இணைப்பு. ஆசிரியர் எண்ணிக்கையும் அதில் இருக்கும். பிரிவுக்கு ஒன்றரை ஆசிரியர் என்பது வாரியத்தின் கணக்கு. அரை ஆசிரியர் எங்கே என்று தேட வேண்டாம், 20 பிரிவுக்கு 30 பேர் இருந்தால் சரி. போன வருஷம் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள் என்பது மட்டும் அதில் வராது. அதை வேன் டிரைவரிடம் கேளுங்கள், சொல்வார்.

கட்டணத்தைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறதாமே?
– விவரம் தெரிந்தவர், வேலூர்

இருக்கிறது, 2009ஆம் ஆண்டுச் சட்டம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கும். பள்ளி இருக்கும் இடம், கட்டமைப்பு வசதி, நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து முடிவுசெய்யும். ஆக, கட்டடம் உயர்ந்தால் கட்டணமும் உயரச் சட்டத்திலேயே வழி உண்டு. உங்கள் வேலை, குழு நிர்ணயித்த தொகையையும் கையிலுள்ள ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ரசீதே தராமல் வாங்கும் தொகை வளர்ச்சிக்குத்தான், யாருடைய வளர்ச்சி என்பதுதான் கேள்வி.

விளையாட்டு மைதானம் பச்சைப் பசேலென்று இருக்கிறது!
– ரசிகர், ஊட்டி

அப்படியென்றால் யாரும் விளையாடுவதில்லை.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் மகளை எங்கே சேர்த்தீர்கள்?
– குறும்புக்காரர், தஞ்சை

வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு வைத்திருந்த பள்ளியில். அதற்கென்று தனியாக மூன்று வருஷம் பணம் கட்டினேன். மூன்றாம் வருஷ முடிவில், ‘அதில் என்னம்மா பார்த்தீங்க?’ என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: ‘மிஸ் லீவு போட்டப்போ டாம் அண்ட் ஜெர்ரி.’