இயங்குதளச் சொற்களின் கொமரலிங்கத் தோற்றம்

கம்ப்யூட்டர் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் புழங்கும் சொற்கள் அமெரிக்காவில் பிறந்தவை என்று அறிஞர்கள் நம்பிவருகிறார்கள். அமராவதிக் கரையில் இருக்கும் கொமரலிங்கத்தை அவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்காததே காரணம். ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் உடுமலைப் பக்கத்து நூல் மில், அதற்கும் அப்பால் திருப்பூர் பனியன் கம்பெனி. இவற்றுக்குள் அடங்காத சொல் அந்தத் துறையில் அநேகமாக இல்லை என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதற்சான்று, தென்னை. கர்னல் என்றால் பருப்பு, ஷெல் என்றால் ஓடு. மெமரியையும் டிஸ்க்கையும் நேரடியாகக் கையாளும் உள்பகுதி கர்னல். நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே கொடுப்பது ஷெல். 1960-களின் நடுவில் ஷெல் என்று பெயர் வைத்தவர் லூயி பூசேன் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் தேங்காய் உடைத்ததற்குச் சான்றில்லை. ஆனால் களத்தில் தொட்டி வேறு, பருப்பு வேறாகப் பிரித்துப் போடும் பெண்களுக்கு இதை விளக்க ஒரு நிமிஷம் போதும். கல்லூரியில் ஒரு செமஸ்டர் ஆகிறது.

அடுத்தது நூல். ஜெரோம் சால்ட்சர் 1966-ல் எம்.ஐ.டி.க்குக் கொடுத்த ஆய்வேட்டில் 'திரெட்' வருகிறது. சொல் விக்டர் விசாட்ஸ்கியுடையது என்கிறார். ஒரே புரோகிராமுக்குள் பக்கம்பக்கமாக ஓடும் வேலைகளில் ஒவ்வொன்றும் ஒரு திரெட். 30 இஞ்ச் சிங்கிள் ஜெர்சி நிட்டிங் மெஷினில் பொதுவாக 90 ஃபீடர். ஒவ்வொன்றுக்கும் தனி கோனிலிருந்து நூல் இறங்கும். ஒரு நூல் அறுந்தால் லைட் எரிந்து மெஷினே நின்றுவிடும். கம்ப்யூட்டரிலும் ஒரு திரெட் தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் மொத்தப் புரோகிராமும் படுத்துவிடும். முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டும் வசதிதான் அங்கே இல்லை.

பிரிண்டருக்கு வரும் வேலைகளைச் சேர்த்துவைத்து வரிசையாக விடுவது ஸ்பூல். அதற்கு நீளமான எழுத்து விரிவு ஒன்று சொல்வார்கள். பெயர் முந்தி, விரிவு பிந்தி என்று சந்தேகிப்போர் உண்டு. நூல் சுற்றியவர்கள் அந்தக் கட்சி. துளையிட்ட காகித நாடாவில் தப்பான இடத்தை வெட்டி ஒட்டுப்போட்டதால் வந்தது பேட்ச்.

கடினமான சொல் ஸோம்பி. யூனிக்ஸில் ஒரு புரோசஸ் செத்தபிறகும், அதைத் தொடங்கிவைத்த தாய் புரோசஸ் முடிவைக் கேட்டு வாங்காதவரை அதன் நம்பர் பட்டியலில் நிற்கும். பனியன் கம்பெனியில் கேட்டால், "அவன் எப்பவோ நின்னுட்டானுங்க, கணக்கு முடிக்கல" என்பார்கள். இதைவிடத் துல்லியமான விளக்கம் கையேடுகளில் இல்லை. தாய் முந்திக்கொண்டு போய்விட்டால் பிள்ளை 'ஆர்பன்'. வழக்கமாக 1-ஆம் நம்பர் புரோசஸ் அதைத் தத்தெடுத்துக் கணக்கு முடிக்கும். அப்படியொரு முதலாளி இவ்வட்டாரத்தில் அகப்படவில்லை.

கண்ணில் படாமல் பின்னணியில் உழைக்கும் புரோகிராமுக்கு டீமன் என்று பெயர். 1963-ல் எம்.ஐ.டி.யின் புராஜெக்ட் மேக் குழுவினர், இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைத்து வைத்தது. டெய்லருக்குப் பக்கத்தில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியை அவர்கள் பார்த்திருந்தால் பூதம் வரை போயிருக்க வேண்டாம்.

எஞ்சுவது பூட். பூட்ஸின் பின்பக்க வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்ற பேச்சிலிருந்து வந்தது. புரோகிராமை ஏற்றவே ஒரு புரோகிராம் வேண்டியிருக்கும் சிக்கலுக்குப் பொருத்தமான பெயர்தான். தோல் சரக்கு என்பதால் அதை ஆம்பூர் ஆய்வாளர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம்.