துணைநாடு படலம்: கொல்கத்தாவில் தொகையீட்டு வீட்டுப்பாடம் முடிக்கப்படும் முறை

நோக்கம்

கொல்கத்தாவை ஆராயப் புகுந்தோர் டிராமை ஆராய்ந்தனர், இலிஷ் மீனை ஆராய்ந்தனர், பூஜைப் பந்தலை ஆராய்ந்தனர். மறுநாள் காலையில் கொடுக்கவேண்டிய தொகையீடுகள் அத்தனையும் மிச்சமிருக்க, இரவு பத்தரை மணிக்கு ஒரு பிள்ளை யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்பது ஆராயப்படாமலே கிடக்கிறது. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது. இதற்கு எந்த நிறுவனமும் நிதி தரவில்லை. கேட்டிருந்தாலும் தந்திராது.

துன்பத்தின் வகை

வீட்டுப்பாடத் துன்பம் மூன்று வகைப்படும்.

முதலாவது தொகையீட்டுத் துன்பம். வகையிடலுக்கு விதி உண்டு. விதிப்படி போனால் விடை வந்து நிற்கும். தொகையிடலுக்கோ தந்திரமே துணை. பிரதியிடலா, பகுதித் தொகையிடலா, பகுதிப் பின்னமா என்று நாடி பிடித்துப் பார்க்கவேண்டும். சில தொகையீடுகளுக்கு நாமறிந்த சாதாரணச் சார்புகளில் விடையே இல்லை என்று பிரெஞ்சுக் கணிதர் லியூவில் 1830களில் நிறுவினார். அந்த வகையில்தான் இதுவும் சேரும் என்று மாணவர் வாதிடலாம். ஆசிரியர் ஏற்றதாகச் சான்று இல்லை.

இரண்டாவது தொடர்த் துன்பம். ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால் என்று கூட்டிக்கொண்டே போனால் பத்தாயிரம் உறுப்பு தாண்டியும் தொகை பத்தைத் தொடாது. ஆனாலும் அது எல்லையின்றி வளர்வது. இதைக் கண்ணால் பார்த்து நம்பிய மாணவர் ஒருவரும் இலர். நிரூபணத்தை மனப்பாடம் செய்து நம்பியோர் பலர்.

மூன்றாவது வகைக்கெழுச் சமன்பாட்டுத் துன்பம். இங்கே விடை எண்ணன்று, ஒரு வளைவரைக் குடும்பம். மாறிலியை எழுத மறந்தால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் எஞ்சுவார். மதிப்பெண்ணிலும் அரை குறையும்.

மரபு

துணை நாடுவது இக்காலத்துச் சோம்பல் என்பார் கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. 1672-இல் பாரிஸ் வந்த லைப்னிட்ஸுக்குக் கணிதர் ஹைகன்ஸ் கொடுத்த வீட்டுப்பாடம், 1, 3, 6, 10 என வரும் முக்கோண எண்களின் தலைகீழிகளைக் கூட்டுவது. விடை 2. அந்தப் பிள்ளைதான் பிற்பாடு நுண்கணிதத்தையே படைத்தவர்களுள் ஒருவரானது. 1694-இல் லோபிதால் என்ற பிரபு, யோஹான் பெர்னூலி என்ற கணிதருக்கு 300 லிவ்ர் உதவித்தொகை பேசிக் கணக்குகளை வரவழைத்துக்கொண்டார். 1696-இல் வெளிவந்த முதல் நுண்கணிதப் பாடநூல் அந்த ட்யூஷனில் விளைந்ததே. அதிலுள்ள விதிக்கு இன்றும் கட்டணம் கட்டிய மாணவரின் பெயர்தான்.

யோஹானின் அண்ணன் யாக்கோப், வர்க்க எண்களின் தலைகீழிகளைக் கூட்டத் தெரியவில்லை, தெரிந்தவர் சொல்லுங்கள் என்று 1689-இல் அச்சிலேயே கேட்டார். ஆய்லர் விடையை அறிவித்தது 1735-இல். யாக்கோப் 1705-இலேயே காலமாகிவிட்டார். வீட்டுப்பாடம் தாமதமானதற்கு இதனினும் வலிய காரணம் வரலாற்றில் இல்லை.

கொல்கத்தா நெறி

இந்நகரில் துணைவர் நால்வர்.

முதலாமவர் முகமறியாதவர். கல்லூரித் தெருவில் பேரம் பேசி வாங்கிய பழைய தாஸ்–முகர்ஜி நுண்கணித நூலின் ஓரங்களில் பென்சிலால் வழிகாட்டுபவர். அவர் கட்டணம் கேட்பதில்லை. கடினமான கணக்கருகே மட்டும் ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டு மறைந்துவிடுவார்.

இரண்டாமவர் ட்யூஷன் மாஸ்டர்மொஷாய். இவர் வீட்டை வாசலில் கிடக்கும் செருப்புகளால் அறியலாம். தேர்வு நெருங்கினால் 'சஜஷன்', அதாவது வரக்கூடிய வினாக்களின் பட்டியல், அருள்வார். கிராமப்புற மேற்கு வங்காளத்தில் 1 முதல் 8 வகுப்பு வரையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் கட்டண ட்யூஷன் போவதாக 2022-ஆம் ஆண்டு அசர் கல்வி ஆய்வறிக்கை சொல்கிறது. நாட்டின் கிராமப்புறம் முழுவதற்கும் அது ஏறத்தாழ 30. பள்ளி ஆசிரியர் தனி ட்யூஷன் எடுக்கலாகாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. சட்டம் ஒருபுறம் இருக்க, செருப்பு ஒருபுறம் இருக்கிறது.

மூன்றாமவர் தெருமுனைத் திண்ணையில் மண் குவளைத் தேநீருடன் அமர்ந்திருக்கும் எஞ்சினியர் அண்ணன். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் கால்பந்து வழக்கு தீர்ந்த பிறகே இவரிடம் கணக்கை நீட்டலாம். வழக்கு தீர்ந்ததில்லை.

நான்காமவர் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் மாமா, கணக்குத் துறையில் ஓய்வுபெற்றவர். "கணக்கு இருக்கட்டும்டா, இன்டெக்ரேஷன்னா என்ன, அதை முதல்ல சொல்லு" என்பார். பிள்ளை வீடு திரும்ப நள்ளிரவாகும், முதல் கணக்கு பாதியில் நிற்கும், ஆனால் புரிந்திருக்கும். இவரை இளக்காரமாக எண்ணலாகாது. 1907-இல் நிதித் துறை அதிகாரியாக இந்நகர் வந்த சி.வி. ராமன், அலுவல் நேரம் போக மிச்ச நேரத்தைப் பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். கணக்குத் துறைத் தமிழர் மாலையில் வேறு கணக்குப் பார்ப்பது அன்றே நிறுவப்பட்ட மரபு. 1880களில் வகைக்கெழுச் சமன்பாடு பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய அசுதோஷ் முகர்ஜி பின்னர் உயர் நீதிமன்ற நீதிபதியானார்; 1908-இல் கல்கத்தா கணிதக் கழகத்தையும் தொடங்கினார். ஆகவே இவ்வூரில் 'அது என் துறை அல்ல' என்று சொல்லி எவரும் தப்ப முடியாது.

இந்நால்வரிடமிருந்து பெறப்படும் தேற்றம்: விடை கிடைக்கும் வேகமும் அது மண்டையில் தங்கும் காலமும் எதிர்விகிதத்தில் அமையும்.

மறுப்பும் விடையும்

'ராமானுஜன் யாரிடம் ட்யூஷன் போனார்?' என்று மறுப்பர். 1903-இல் அவர் கைக்கு வந்த கார் என்பவரின் நூல், ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர் தம் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த அனுபவத்தில் தொகுத்தது. ட்யூஷன் மாஸ்டர் புத்தக வடிவில் கும்பகோணம் வந்தார் என்பதே இதன் பொருள். போதாக்குறைக்கு 1913-இல் ஆங்கிலக் கணிதர் ஹார்டிக்குக் கடிதம் எழுதித் துணை நாடியவரும் ராமானுஜனே.

முடிபு

துணை நாடுதல் குற்றமன்று. நுண்கணிதம் பிறந்ததே அப்படித்தான். எந்த வரியில் நின்றுபோனோம் என்று சொல்லத் தெரியாமல், 'முழுசா போட்டுக் குடுங்க' என்று நோட்டை நீட்டுவதே குற்றம். மாணவரே, முதல் மூன்று வரியாவது நீங்களே எழுதிவிட்டுக் கதவைத் தட்டுங்கள். பெற்றோரே, பத்தரை மணிக்குத் தட்டும் பிள்ளைக்குக் கதவைத் திறவுங்கள்.