பணமே, உன் திறமையே திறமை

பணமே, உன்னைப் போல் சளைக்காத ஊழியம் செய்தவரைத் திருச்சபை கண்டதில்லை. மழை என்றோ காய்ச்சல் என்றோ ஒரு ஞாயிறுகூட நீ ஆராதனைக்கு வராமல் இருந்ததில்லை.

ஆண்டவரோடு ஒரே பாத்திரத்தில் கைதொட்டுச் சாப்பிட்டவன் யூதாஸ். அற்புதங்களைக் கண்ணாரக் கண்டவன். அவனை முப்பதே வெள்ளிக்காசில் முடித்துவிட்டாய். நிலத்தை விற்று அப்போஸ்தலர் காலடியில் வைக்க வந்த அனனியா, சப்பீராள் இருவரையும் ஒரு பங்கைப் பதுக்க வைத்தாய். நித்திய ஜீவனுக்கு வழி கேட்டு முழங்காலிட்ட பணக்காரனைத் துக்கத்தோடு வீட்டுக்கு அனுப்பினாய். இரண்டு எஜமான்களுக்கு வேலை செய்ய முடியாது என்று இயேசு எச்சரித்தபோது கடவுளுக்கு எதிரே நிறுத்தியது இராயனை அல்ல, பிசாசை அல்ல, உன்னை. அந்த இடம் வேறு யாருக்குக் கிடைத்தது?

தெற்குத் திருவிதாங்கூரில் மட்டும் முதலில் உன் பாச்சா பலிக்கவில்லை. 1806-இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, கையில் வந்த சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, 1816-இல் நல்ல உடைகூட இல்லாமல் ஊரைவிட்டுப் போனார். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன சர்ஜன் சோமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பதவியை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். சபைப் பெண்களிடமும் உன் பேச்சு எடுபடவில்லை. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது பிடியரிசிக் காணிக்கையாகக் கோயிலுக்கு வரும். பிள்ளைகள் அரைவயிறு சாப்பிட்ட வீடுகளிலிருந்தும் வந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அந்த அரிசிக்குப் பங்கு உண்டு.

நீ கோபப்படவில்லை, அவசரப்படவும் இல்லை. அதுதான் உன் பெருமை.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, தமிழக எல்லையோரம் காரக்கோணத்தில் சோமர்வெல் பெயரில் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) மருத்துவக் கல்லூரி எழுந்தது. நீயும் அங்கே போய்ச் சேர்ந்தாய். எம்.பி.பி.எஸ். சீட் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்கினார்கள் என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். 2022 ஜூலையில் திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) வளாகத்துக்குள், தென்கேரளப் பேராயத்தின் தலைமையகத்துக்குள், அமலாக்கத் துறையினர் சோதனைக்கு நுழைந்தார்கள். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் மிஷனரிகளின் பெயரைத் தாங்கிய அந்த வளாகம் அன்று செய்தியானது அவர்களுடைய ஊழியத்தால் அல்ல, உன்னால்தான். பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேர் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் பிரசங்கம் செய்யும் பீடங்கள் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அந்தப் பிரசங்கத்தையும் நீ முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருப்பாய்.

சோமர்வெல்லிடம் நீ பதவியோடு வந்தாய். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பெயர் எழுதிய வாசலுக்கு நீ சீட் விலையோடு வந்தாய். புகார் உண்மையானால், கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு மனிதரிடம் தோற்றதற்கு நூறு ஆண்டு காத்திருந்து அவர் பெயரிடமே கணக்குத் தீர்த்துக்கொள்ளும் பொறுமை உனக்கல்லாமல் வேறு யாருக்கு வரும்?