‘ஆல்’ காணோம்

ஐயம்பேட்டைக்காரர் ஒருவருக்குப் போன வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம். ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.’ யாரால்? தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. கையெழுத்தோ கோழி கிளறியது.

அந்த எரிச்சலில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் பத்தாவது படிக்கும் மகள் நோட்டை நீட்டினாள். “அப்பா, ஆக்டிவ்வ பேசிவ்வா மாத்தணும்.”

‘தி வீவர் வீவ்ஸ் தி சாரி.’

என்ன பிரமாதம்! புடவையை முன்னால் இழு, ‘வீவ்ஸ்’ஸை ‘ஈஸ் வோவன்’ ஆக்கு, நெசவாளியை ‘பை’க்குப் பின்னால் தள்ளு. ஆயிற்று. ஆனால் அடுத்த விதி அவரைச் சீண்டியது: செய்தவர் யாரென்பது முக்கியமில்லை என்றால் ‘பை’யோடு ஆளையும் விட்டுவிடலாமாம். முக்கியமில்லையா? கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓடும். ஒருபக்கக் கரை நாடாவைத் தள்ளவே தனியாகத் துணையாள் உட்கார வேண்டும். பாவு பிணைத்தவர், சாயம் தோய்த்தவர் எல்லோரையும் சேர்த்தால் ‘பை’க்குப் பின்னால் பஸ் பிடிக்கிற கூட்டம். பேசிவ் எங்கேதான் உதவும் என்பதைக் கடைசியில் சொல்வதாக மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

தமிழன் தப்பிக்க இத்தனை பாடுபட வேண்டியதில்லை. ‘உடைத்தான்’ என்றால் உதை; ‘உடைந்தது’ என்றால் விதி. ‘த்’ போட்டால் மாட்டினோம், ‘ந்’ போட்டால் தப்பினோம். கிழித்தான், கிழிந்தது. கலைத்தான், கலைந்தது. தறியில் இழை அறுந்து போச்சு. அறுத்தவர் ஐயம்பேட்டையில் பிறக்கவே இல்லை. டம்ளர் உடைஞ்சு போச்சு, சாவி தொலைஞ்சு போச்சு, சீட்டுப் பணம் கரைஞ்சு போச்சு. பொருள்களெல்லாம் தாமாகவே கெட்டுப்போகும் நாடு இது. செயப்படுபொருளையே செய்தவர்போலச் சொல்லலாம் என்று தொல்காப்பியரே அனுமதி தந்துவிட்டார். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை எழுந்து தன்னைத்தானே மெழுகிக்கொண்டதாம்! சாணி கரைத்து இடுப்பொடிந்த பெண்மணி எந்த உரையிலும் இல்லை.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியனா? ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் பெருந்தவறுகள் ‘செய்யப்பட்டன’ என்றார் அமெரிக்க அதிபர் ரீகன், 1987-ல். பேசிவ்வைத் தவிருங்கள் என்று 1946-ல் ஒரு கட்டுரையில் ஊருக்கு உபதேசித்த எழுத்தாளர் ஆர்வெல், அதன் முதல் வாக்கியத்திலேயே ஒரு பேசிவ்வை வைத்திருக்கிறார்.

“அப்பா, கடைசியில சொல்றேன்னீங்களே?”

“இரு, முதல்ல இந்தக் கடிதம் போட்டவங்களைக் கவனிச்சுட்டு வரேன்.”

‘யாரால் நிராகரிக்கப்பட்டது?’ என்று ஒரே வரியில் மனு எழுதி, நேரில் போய்க் கொடுத்தார். நகலில் முத்திரை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, நங்கென்று குத்தியது.

‘பெறப்பட்டது.’