மார்க்கு மான்மியம்

விடைத்தாளின் ஓரத்தில் உபாத்தியாயர் சிவப்பு மையால் இடும் ‘மார்க்கு’ என்பதை வித்தையின் அளவென்று பெற்றோரும், அதிர்ஷ்டத்தின் அளவென்று மாணாக்கரும் கருதி வருகின்றனராயினும், அது பிற்காலத்தில் இடம் பெயர்ந்து வந்த எல்லைக்கல்லே என்பது எமது சித்தாந்தம்.

பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு எல்லை என்பதே முதற்பொருள். எல்லையைக் காட்டும் குறிக்கு ஆகுபெயராகி, பின்னர் எந்தக் குறிக்கும் பொதுவாகி, கடைசியில் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது. எல்லைப்புறத்து மக்கள் என்ற பொருளிலேயே மெர்சியா என்னும் பழைய இராச்சியம் பெயர் பெற்றது. டென்மார்க்கின் வாலில் தொங்குவதும் இதுவே. பிரெஞ்சுக்காரர் வாயிற் புகுந்து ‘மார்ச்’ என்று திரிந்து மீண்டபோது, வேல்ஸ் நாட்டு எல்லைப்புறத்துக்கு அதுவே பெயராயிற்று. மார்ச் மாதமும் இவ்வழியில் வந்ததன்றோ என்பார்க்கு, அன்று. அம்மாதம் ரோமருடைய யுத்த தேவதையாகிய மார்ஸுக்கு உரியது. பரீட்சையை அதில் வைத்தவர்கள் பொருத்தம் பார்த்தே வைத்திருக்கிறார்கள்.

எல்லைப்புறம் காத்த ஐரோப்பியப் பிரபுவுக்கு மார்க்விஸ் என்று பட்டம். இரண்டாம் ரிச்சர்டு மன்னர் 1385-ல் ராபர்ட் டி வேர் என்னும் தம் பிரியருக்கு இதனை இங்கிலாந்தில் முதன்முதலாக வழங்கி, ஏர்ல் பட்டத்தாருக்கு மேலே தூக்கி வைக்க, அவர்களுடைய வயிறெரிச்சலுக்குக் கேட்பானேன்! பின்னர் இதே பட்டம் பெற்றுப் பறிகொடுத்த ஜான் போஃபோர்ட்டுக்கு அதைத் திருப்பித் தரும்படி 1402-ல் காமன்ஸ் சபையார் விண்ணப்பித்தபோது, இந்நாட்டுக்குப் பழக்கமில்லாத பெயர் எனக்கெதற்கு என்று அவரே மறுத்துவிட்டார். வலிய வந்த மார்க்கை வேண்டாமென்ற மகானுபாவரை எம் பள்ளிக்கூடங்களில் யாம் கண்டதில்லை.

இனி, மார்க்கு இடப்படும் ‘மார்ஜின்’ இருக்கிறதே, அதுவும் லத்தீனில் ஓரம் என்று பொருள்படும் சொல்லின் வழிவந்து, இதற்கு ஒன்றுவிட்ட சகோதர முறையாகிறது. ஆகவே மார்ஜினில் மார்க்கு இடும் உபாத்தியாயர் எல்லையின்மேல் எல்லைக்கல் நடுகிறார். 34-க்கும் 35-க்கும் இடையே பையன் மயிரிழையில் நின்றுவிட, “ஒரே ஒரு மார்க்கு, ஐயா” என்று தகப்பனார் மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கெஞ்சுவது, எல்லைக்கல்லை நகர்த்தத் தூண்டும் குற்றமாக முடிகிறது. இதனை விசாரிக்கும் அதிகாரம் கல்வி இலாகாவுக்கா, சர்வே இலாகாவுக்கா என்பதை வக்கீல்களே சொல்லவேண்டும்.